அரிவாள் செல் நோயில் அண்ணனும் தங்கையும்: இரத்தக் குழாயின் உட்படலம் குறித்த ஒரு நிகழ்வு ஆய்வு

நோயாளியின் எழுத்துபூர்வ ஒப்புதலோடும் அவருடைய அண்ணனின் சம்மதத்தோடும் இந்தப் பதிவு எழுதப்படுகிறது. அடையாளம் காட்டக்கூடிய விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன. புதுச்சேரியில் ஒரு மருத்துவமனையின் பொது மருத்துவப் பிரிவில் நடந்தது இது. வடகிழக்குப் பருவமழையின்போது தொடங்கி, ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு தொடர்ந்து கவனிக்கப்பட்டது.

பின்னணி

நோயாளி 19 வயதுப் பெண். நீலகிரி மாவட்டத்துப் பழங்குடிக் குடும்பத்தில் பிறந்தவர். செவிலியர் படிப்புக்காகப் புதுச்சேரிக்கு வந்து கல்லூரி விடுதியில் தங்கியிருந்தார். தாயும் தந்தையும் தேயிலைத் தோட்டத்தில் கூலி வேலை பார்க்கிறார்கள். ஒரே அண்ணன், 24 வயது, வாடகை ஜீப் ஓட்டுகிறார்.

நீலகிரிப் பழங்குடிகளிடையே, சிவப்பணுக்களை அரிவாள்போல வளைக்கும் அரிவாள் செல் மரபணு இருப்பது 1952-இலேயே பதிவாகிவிட்டது. மலையில் பணிபுரியும் மருத்துவர்களுக்கு இது பழகிய நோய். கடற்கரையில் அப்படியில்லை, எங்கள் வார்டில் இதை எப்போதாவதுதான் பார்க்கிறோம். கை கால் வலியும் காய்ச்சலுமாக ஓர் இளம்பெண் வந்தால் இங்கே முதலில் நினைவுக்கு வருபவை டெங்குவும் சிக்குன்குன்யாவும்தான்.

பள்ளி நாளில் நடந்த ஒரு முகாமில் அண்ணன், தங்கை இருவருக்கும் இரத்தம் பார்த்திருக்கிறார்கள். கொடுத்த அட்டையில் ‘சிக்கிள் பாசிட்டிவ்’ என்ற இரண்டு சொற்கள் மட்டும் இருந்தன. செய்யப்பட்டது கரைதிறன் சோதனை. இந்த மரபணு உருவாக்கும் மாறிய ஹீமோகுளோபினான ஹீமோகுளோபின் எஸ் இருக்கிறதா இல்லையா என்பதை அது சொல்லும். மாறிய மரபணு ஒரு பெற்றோரிடமிருந்து மட்டும் வந்ததா, இருவரிடமிருந்தும் வந்ததா என்பதைச் சொல்லாது. முன்னவர் நோயைக் கடத்துபவர் மட்டுமே, பின்னவர்தான் நோயாளி. பிரித்தறிய, ஹீமோகுளோபின் வகைகளைத் தனித்தனியே அளக்கும் எச்பிஎல்சி அல்லது எலக்ட்ரோபோரெசிஸ் வேண்டும். அதற்கு மலையிறங்க வேண்டியிருந்தது. இருவரின் ஒரு நாள் கூலியும் பஸ் கட்டணமும் போகும் என்பதால் குடும்பம் போகவில்லை. ‘நம் இரத்தத்தில் ஏதோ கொஞ்சம் இருக்கிறதாம்’ என்ற அளவில் விஷயம் நின்றுவிட்டது.

சிறு வயதில் மழைக்காலங்களில் அவருக்குக் கை கால் குடைச்சல் வந்ததுண்டு. குளிர்வாதம் என்று தைலம் தேய்த்திருக்கிறார்கள். கண் எப்போதும் லேசான மஞ்சள். அண்ணனுக்கும் அதே மஞ்சள் கண். ஆனால் அவர் வலி என்று படுத்ததில்லை.

சேர்க்கையும் முதல் இரண்டு நாட்களும்

நவம்பர் கடைசியில் தொடர்மழை. விடுதியின் தரைத்தளத்தில் தண்ணீர் புகுந்ததால் எல்லா மாணவிகளும் மாடியிலுள்ள கழிப்பறைகளையே பயன்படுத்த வேண்டியிருந்தது. வரிசையில் நிற்பதற்கு அஞ்சிப் பலரும் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார்கள். கேஸ் ஷீட்டில் இப்படிப்பட்ட தகவலுக்கு இடமில்லை; கூட வந்த அறைத்தோழி பேச்சுவாக்கில் சொன்னது. நனைந்த உடையோடு பயிற்சிப் பணி, இரண்டு நாள் காய்ச்சல், தண்ணீர்க் குறைவு ஆகிய மூன்றும் ஒன்றாகச் சேர்ந்திருந்தன. உடலில் நீர் வற்றும்போது சிவப்பணுவுக்குள் ஹீமோகுளோபின் எஸ் செறிவு கூடுகிறது. ஆக்சிஜன் இறங்கிய இடத்தில் அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்து நீண்ட இழையாகி, செல்லை வளைக்கின்றன.

அவசரப் பிரிவுக்கு வந்தபோது இடுப்பிலும் இரு தொடைகளிலும் கடும் வலி. காய்ச்சல் 101 டிகிரி. ஆக்சிஜன் செறிவு 96 சதவீதம். ஹீமோகுளோபின் 8.2 கிராம், வெள்ளணு 17,000, தட்டணு 2.6 லட்சம், பிலிரூபின் 3.6, செல் உடைவதைக் காட்டும் நொதியான எல்டிஎச் 780. மண்ணீரல் விலாவுக்குக் கீழே மூன்று விரற்கடை தட்டுப்பட்டது. ஸ்லைடில் வளைந்த செல்கள் தெளிவாகத் தெரிந்தன. டெங்குப் பரிசோதனை நெகட்டிவ்.

பணியிலிருந்த இளம் மருத்துவர் இரத்தம் ஏற்றுவதுபற்றி யோசிக்கும் முன்பே ஊதா மூடிக் குழாயில் கூடுதலாக ஒரு மாதிரி எடுத்து எச்பிஎல்சிக்கு அனுப்பினார். பின்னால் இது பெரிதும் கைகொடுத்தது. கொடையாளரின் இரத்தம் ஏறிய பிறகு எடுக்கும் மாதிரி நோயாளியின் சொந்தக் கணக்கைக் காட்டாது. முடிவு: ஹீமோகுளோபின் எஸ் 73 சதவீதம், கருக்கால ஹீமோகுளோபினான எஃப் 19 சதவீதம். சாதாரண ஹீமோகுளோபின் ஏ சொல்லத்தக்க அளவில் இல்லை. அட்டை சொல்லாமல் விட்டதை எச்பிஎல்சி சொன்னது: இவர் கடத்துபவர் அல்லர், நோயாளி.

19 என்ற அந்த எண்ணைக் கண்டதும் வார்டில் ஒரு நிம்மதி பரவியது. இந்தியாவில் பரவலாகக் காணப்படும் அரபு-இந்திய மரபுத்தொகுதி (சேர்ந்தே கடத்தப்படும் மரபணு வேறுபாடுகளின் தொகுப்பு) உள்ளவர்களிடம் எஃப் இயல்பாகவே உயர்ந்திருக்கும். இழை கோப்பதை அது தடுக்கும். எனவே ‘நம்மூர் அரிவாள் செல் சாது’ என்றொரு பேச்சு மருத்துவர்களிடையே உண்டு. ஒரு மக்கள்கூட்டத்தின் சராசரியைப் பற்றிப் பேசும்போது அதில் உண்மை இருக்கலாம். கட்டிலில் கிடக்கும் ஒருவரைப் பற்றிப் பேசும்போது அது ஆபத்தான ஆறுதல்.

வலிக்கு முதலில் பாராசிட்டமாலும் டிரமடாலும் தரப்பட்டன. அவர் சுவர்ப்பக்கம் திரும்பிச் சத்தமில்லாமல் படுத்திருந்தார்; குறிப்பேட்டில் ‘வலி பரவாயில்லை’ என்று ஏறியது. பத்துக்கு எவ்வளவு என்று கேட்டபோது, எட்டு என்றார். செவிலியர் மாணவி, அந்த அளவுகோலை மற்றவர்களுக்குக் கேட்டுப் பழகியவர். மார்ஃபினுக்கு மாற்றினோம். நரம்புவழித் திரவத்தையும் அளந்தே கொடுத்தோம். தண்ணீர்க் குறைவால் வந்த வலி என்றதும் பாட்டில் பாட்டிலாக ஏற்றத் தோன்றும். அந்த மிகுதி நுரையீரலில் போய்த் தேங்கும்.

மூன்றாம் நாள் இரவு

வலிக்காகச் சேர்க்கப்படும் அரிவாள் செல் நோயாளிகளுக்கு நுரையீரல் பாதிப்பு பெரும்பாலும் வாசலிலேயே தெரிவதில்லை. இரண்டு மூன்று நாள் கழித்து வார்டில் வருகிறது. அதற்காக முதல் நாளிலிருந்தே மூச்சுப் பயிற்சிக் கருவி ஒன்றைக் கையில் கொடுத்திருந்தோம். உறிஞ்சும் வேகத்துக்கு ஏற்பப் பந்துகள் ஒவ்வொன்றாக மேலேறும் மூன்று பந்துக் கருவி. இரண்டாம் நாள் மாலை இரண்டு பந்துகளை ஏற்றியவர், மூன்றாம் நாள் மாலை ஒன்றை மட்டுமே ஏற்றினார். அதையும் நிறுத்தி வைக்க முடியவில்லை. இரவுப் பணிச் செவிலியர் அதை மருந்துச் சோர்வு என்று விட்டுவிடாமல் மருத்துவரை அழைத்தார். அப்போது ஆக்சிஜன் 92. இரண்டு மணி நேரத்தில் 88. நெஞ்சு வலி, இருமல், மறுபடியும் காய்ச்சல்.

எக்ஸ்ரேயில் இரு நுரையீரல்களின் கீழ்ப்பகுதியிலும் புதிய வெண்திட்டுகள். ஹீமோகுளோபின் 6.6-க்கு இறங்கியிருந்தது. தட்டணு 1.1 லட்சம். தட்டணு இப்படிச் சரிவது நிலைமை வேகமாக மோசமடையப் போவதற்கான அறிகுறி. அரிவாள் செல் நோயின் கடும் மார்புப் பாதிப்பு என்று முடிவு செய்து தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு மாற்றினோம். செஃப்ட்ரியாக்சோன், அசித்ரோமைசின், ஆக்சிஜன், உறைதலைத் தடுக்கக் குறைந்த அளவு ஹெப்பாரின் ஆகியவை தொடங்கப்பட்டன.

இரத்தம்: ஏற்றுவதா, மாற்றுவதா

இரண்டு யூனிட் ஏற்றிப் பார்க்கலாம் என்பது ஒரு கருத்து. ஹீமோகுளோபின் 6.6 என்பதால் அதில் நியாயம் இருந்தது. ஆனால் வெறுமனே ஏற்றினால் வளைந்த செல்கள் உள்ளேயே இருக்கும். அளவு பத்தைத் தாண்டினால் இரத்தம் தடித்து, அடைப்பு கூடும். ஆக்சிஜன் இறங்கிய வேகமும் தட்டணுச் சரிவும் காத்திருக்க இடம் தரவில்லை. ஒருபுறம் எடுத்து மறுபுறம் கொடுக்கும் இரத்த மாற்றத்தைத் தேர்ந்தெடுத்தோம். இயந்திரம் கைவசம் இல்லாததால் கையாலேயே செய்யப்பட்டது.

இரத்த வங்கி ஏபிஓ, ஆர்எச் டி என்பதோடு நிற்காமல் சி, ஈ, கெல் வகைகளையும் பொருத்திப் பார்த்துக் கொடுத்தது. இந்த நோயாளிகளுக்கு வாழ்நாளில் பலமுறை இரத்தம் தேவைப்படும். முதல் முறையே பொருந்தாததைக் கொடுத்து எதிர்ப்பொருள் உண்டாக்கிவிட்டால் பிறகு பொருத்தமான யூனிட் கிடைப்பதே கடினமாகிவிடும். கொடையாளர்கள் பெரும்பாலும் அவருடைய வகுப்பு மாணவியர். அதிலும் பாதிப்பேர் ஹீமோகுளோபின் குறைவு என்று திருப்பி அனுப்பப்பட்டது வேறொரு கட்டுரைக்கான செய்தி.

மாற்றம் முடிந்ததும் ஹீமோகுளோபின் எஸ் 27 சதவீதம், மொத்த ஹீமோகுளோபின் 9.4. அடுத்த நாள் மாலைக்குள் ஆக்சிஜன் தேவை பாதியாயிற்று. மாற்றம் முடிந்த நான்காம் நாள் ஆக்சிஜன் முகக்கவசம் எடுக்கப்பட்டது.

அண்ணனின் கேள்வி

மலையிலிருந்து இரவு பஸ்ஸில் வந்து சேர்ந்த அண்ணனுக்கும் எச்பிஎல்சி எடுத்தோம். எஸ் 71, எஃப் 20. ஏறக்குறைய அச்சு அசலாகத் தங்கையின் கணக்கு. தாளைப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: “டாக்டர், ஒரே வயிற்றில் பிறந்தோம், ஒரே சோறுதான் தின்றோம், இந்த நோயும் ஒன்றுதான் என்கிறீர்கள். பாப்பாவுக்கு மட்டும் ஏன் இப்படி?”

எங்களுக்கும் அதே கேள்விதான். எஃப் அளவு பதில் சொல்லவில்லை. வேறு எங்கே தேடுவது?

நோயாளிகளுக்கு நாங்கள் வரைந்து காட்டும் படத்தில் ஒரு குழாய் இருக்கும். நடுவே குறுக்காகச் சிக்கிய அரிவாள் இருக்கும். அந்தப் படத்தில் குழாய்க்கு வேலையே இல்லை. உண்மையில் ஒரு சிவப்பணு ஆக்சிஜனை இழந்த கணத்திலேயே வளைந்துவிடுவதில்லை. இழை கோக்கச் சற்று நேரம் பிடிக்கும். அதற்குள் நுண்குழாயைக் கடந்துவிட்டால் தப்பித்தது. கடக்கவிடாமல் பிடித்து நிறுத்துவது குழாயின் உட்படலம். வீக்கமும் நோய்த்தொற்றும் உள்ளபோது உட்படலச் செல்கள் விகேம்-1, செலெக்டின் போன்ற ஒட்டுப் புரதங்களைத் தம் மேற்பரப்பில் நிறுத்துகின்றன. இளம் சிவப்பணுக்களும் வெள்ளணுக்களும் அவற்றில் ஒட்டுகின்றன, பின்னால் வருபவை தாமதிக்கின்றன, தாமதித்தவை வளைகின்றன. இன்னொரு பக்கம், குழாய்க்குள்ளேயே உடையும் சிவப்பணுவிலிருந்து கொட்டும் ஹீமோகுளோபின், உட்படலம் சுரக்கும் நைட்ரிக் ஆக்சைடை விழுங்கிவிடுகிறது. குழாயைத் தளர்த்தி வைப்பது அந்த வாயுதான். அது போனதும் குழாய் சுருங்குகிறது.

இந்த உட்படலம் எப்போது வழவழப்பாக இருப்பது, எப்போது பசைபிடிப்பது என்பதைத் திருத்தியமைக்கும் கைகளுள் ஒன்று மைக்ரோ ஆர்என்ஏ. ஏறத்தாழ 22 எழுத்துகள் கொண்ட சிறு ஆர்என்ஏ துண்டு இது. எந்தப் புரதத்தையும் தானாக உருவாக்காது. புரதம் செய்யும் ஆணையைச் சுமந்து செல்லும் தூது ஆர்என்ஏவின் வால்பகுதியில் போய் உட்கார்ந்து, அந்த ஆணை நிறைவேறுவதைக் குறைக்கும், அல்லது தூதையே சிதைக்க வைக்கும். ஒரு மில்லிமீட்டர் நீளப் புழு ஒன்றில் 1993-இல் விக்டர் ஆம்ப்ரோஸும் கேரி ருவ்குனும் கண்ட இந்தச் செயல்முறைக்கு 2024-இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

உட்படலச் செல்களில் நிறைந்திருக்கும் மிர்-126 என்ற மைக்ரோ ஆர்என்ஏ, விகேம்-1 உருவாவதை அடக்கி வைக்கிறது என்று 2008-இல் காட்டப்பட்டது. அது குறைந்தால் சுவர் பசைபிடிக்கும் என்று பொருள். அரிவாள் செல் நோய்க்கே உரிய சங்கிலி ஒன்றும் உண்டு. உடைந்துபோகும் சிவப்பணுக்களை ஈடுகட்ட எலும்பு மஜ்ஜை ஓயாமல் உழைக்கிறது. அங்குள்ள முன்னோடிச் செல்கள் பிஎல்ஜிஎஃப் என்ற வளர்ச்சிக் காரணியை மிகுதியாகச் சுரக்கின்றன. அது நுரையீரல் குழாய்களின் உட்படலத்தை எட்டியதும் அங்கே மிர்-199ஏ2 குறைகிறது. மிர்-199ஏ2-இன் வேலை, ஹிஃப்-1 ஆல்ஃபா என்ற புரதத்தைக் கட்டுக்குள் வைப்பது. கட்டு தளர்ந்ததும் ஹிஃப் ஏறுகிறது; அது எண்டோதீலின்-1-ஐ ஏற்றுகிறது. நாம் அறிந்த குழாய்ச் சுருக்கிகளில் மிக வலியவற்றுள் ஒன்று எண்டோதீலின்-1. நோயாளிகளின் பிளாஸ்மாவில் மிர்-199ஏ2 குறைவாகவும் எண்டோதீலின்-1 அதிகமாகவும் இருப்பதை 2014-இல் வெளியான ஆய்வு காட்டியது. அதே ஆய்வுக்குழு 2011-இல், மிர்-30சி, மிர்-301ஏ ஆகியவை இரத்தக்கட்டி கரைவதைத் தடுக்கும் பிஏஐ-1-ஐக் கட்டுப்படுத்துவதையும், பிஎல்ஜிஎஃப் அந்தக் கட்டுப்பாட்டைக் குலைப்பதையும் விவரித்திருந்தது.

ஹிஃப்-1 ஆல்ஃபா என்பது ஆக்சிஜன் குறைந்தாலே தானாக உயரும் புரதம் என்பதையும் சேர்த்துப் பார்த்தால் மூன்றாம் நாள் இரவு வேறு மாதிரித் தெரிகிறது. ஆக்சிஜன் 92-க்கு இறங்குகிறது. ஏற்கெனவே கட்டுத் தளர்ந்த இடத்தில் ஹிஃப் இன்னும் ஏறுகிறது. நுரையீரல் குழாய் சுருங்குகிறது. ஆக்சிஜன் மேலும் இறங்குகிறது. 92 என்ற எண்ணைக் ‘கவனித்துக்கொள்ளலாம்’ என்று விடக் கூடாததற்கு இதைவிடத் தெளிவான காரணம் எனக்குத் தெரியாது. இவருடைய உடலில் இந்தச் சங்கிலி இப்படியே ஓடியது என்று நாங்கள் அளந்து பார்க்கவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

இன்னொன்று: குழந்தைகளின் பிளாஸ்மாவிலிருந்து நுண்பைகளைப் பிரித்தெடுத்து 2016-இல் ஓர் ஆய்வு வந்தது. செல்கள் உதிர்க்கும் இந்த நுண்பைகள் மைக்ரோ ஆர்என்ஏக்களைச் சுமந்து திரிகின்றன. நோய் கடுமையாக இருந்த குழந்தைகளின் நுண்பைகளை ஆய்வகத்தில் வளர்த்த உட்படலச் செல்கள்மீது விட்டபோது, செல்களுக்கிடையிலான பிணைப்பு தளர்ந்தது. நோய் மென்மையாக இருந்தவர்களின் நுண்பைகளுக்கு அந்த வலு இல்லை. அண்ணனின் கேள்விக்கு மிக அருகில் வந்து நிற்கும் கண்டுபிடிப்பு இது.

இவ்வளவையும் அண்ணனிடம் சொல்லவில்லை. மரபணு ஒன்றாக இருந்தாலும் குழாயின் உள்சுவர் ஆளுக்கு ஆள் வேறுபடும், பாப்பாவுக்கு அது சீக்கிரம் பசைபிடிக்கிறது, ஏன் என்று முழுதாகத் தெரியாது என்று சொன்னோம். பக்கத்தில் நின்ற தாய், “ஒரே பாத்தியில் நட்ட தேயிலைச் செடியும் ஒன்றுபோலத் துளிர்ப்பதில்லையே” என்றார். விளக்கத்தில் எங்களைவிட அவர் கெட்டிக்காரர்.

மைக்ரோ ஆர்என்ஏ பரிசோதனை வேண்டாம் என்ற முடிவு

முதுநிலை மாணவர் ஒருவருக்கு இந்த வழக்கில் ஆர்வம் மிகுந்துவிட்டது. தங்கைக்கும் அண்ணனுக்கும் மைக்ரோ ஆர்என்ஏ அளந்து ஒப்பிட்டால் விடை கிடைத்துவிடும் என்றார். குடும்பமும், செலவானாலும் பரவாயில்லை என்றது. செய்ய வேண்டாம் என்று தீர்மானித்ததற்குக் காரணங்கள் இருந்தன. அவற்றுள் சில மிகச் சாதாரணமானவை.

அவர் ஹெப்பாரினில் இருந்தார். மாதிரியில் ஹெப்பாரின் இருந்தால் மைக்ரோ ஆர்என்ஏவை அளக்கும் பிசிஆர் வினையே தடைபடும். அவருடைய உடலில் ஓடியதில் பெரும்பகுதி அப்போது கொடையாளர்களின் சிவப்பணு. சிவப்பணுவுக்கு உட்கரு இல்லாவிட்டாலும் மைக்ரோ ஆர்என்ஏ ஏராளம். அளந்தால் வகுப்புத் தோழிகளின் கணக்கும் கலந்து வரும். இதைவிடப் பெரிய சிக்கல், இந்த நோயில் சிவப்பணு எப்போதும் உடைந்துகொண்டே இருப்பது. மிர்-451ஏ, மிர்-16 போன்றவை உடைந்த சிவப்பணுவிலிருந்து பிளாஸ்மாவில் கொட்டும். ஊசி சற்று மெல்லியதாக இருந்து குழாயில் இரத்தம் உடைந்தாலே எண்கள் மாறிவிடும். குழாய்ச் சுவரின் நிலையைப் படிக்கிறோம் என்று நினைத்துக்கொண்டு சிவப்பணுச் சிதைவைப் படித்துக்கொண்டிருப்போம்.

எல்லாவற்றுக்கும் மேலாக, எந்த எண் வந்தாலும் மறுநாள் கொடுக்கும் மாத்திரை மாறப் போவதில்லை. சிகிச்சையை மாற்றாத சோதனைக்குக் கூலித் தொழிலாளியின் பணத்தை வாங்குவது எனக்கு ஒப்பவில்லை.

ஃபெனோஃபைப்ரேட் பற்றிய விவாதம்

அதே மாணவர் அடுத்து இன்னொன்றைக் கொண்டுவந்தார். இது கவனமாகப் பேச வேண்டியதாக இருந்தது. கொழுப்புக்குத் தரும் ஃபெனோஃபைப்ரேட், பிபிஏஆர் ஆல்ஃபா என்ற ஏற்பியைத் தூண்டுகிறது. மிர்-199ஏ2 இருக்கும் மரபணுப் பகுதியை இயக்குவது இந்த ஏற்பிதான். 2014 ஆய்வில் அரிவாள் செல் நோயுள்ள எலிகளுக்கு ஃபெனோஃபைப்ரேட் கொடுத்தபோது நுரையீரலில் மிர்-199ஏ2 கூடி, எண்டோதீலின்-1 குறைந்தது. மருந்து மலிவு, மூலைக்கடையிலும் கிடைக்கும். கொடுத்தால் என்ன?

எலியில் ஒரு மூலக்கூறு குறைந்ததற்கும், மனிதருக்கு மார்புப் பாதிப்பு மறுபடி வராமல் தடுப்பதற்கும் இடையே நீண்ட தூரம் இருக்கிறது. இவருக்குப் பிலிரூபின் ஏற்கெனவே உயர்ந்திருந்தது. வயிற்று ஸ்கேனில் பித்தப்பையில் சிறு கற்கள் தெரிந்தன. ஃபைப்ரேட் மருந்துகள் பித்தக்கல்லைக் கூட்டக்கூடியவை. பித்தப்பை நோய் உள்ளவர்களுக்கு ஃபெனோஃபைப்ரேட் தரக் கூடாது. அரிவாள் செல் நோயாளிகளுக்குப் பித்தக்கல் சர்வசாதாரணம் என்பதால் இது இவர் ஒருவருக்கு மட்டுமான தடையும் அன்று. விவாதம் அங்கே முடிந்தது. ஆனால் அந்த மாணவர் கேட்டது நல்ல கேள்வி. வார்டில் இப்படிக் கேட்பவர்கள் இருக்க வேண்டும்.

கொடுத்தது

ஹைட்ராக்சியூரியா, நாளுக்கு 500 மில்லிகிராம். எடை 42 கிலோ என்பதால் கிலோவுக்குச் சுமார் 12 மில்லிகிராம். எஃப் ஏற்கெனவே 19 இருக்கும்போது எஃப்-ஐக் கூட்டும் மருந்து எதற்கு என்று கேட்கப்பட்டது. இந்த மருந்தின் பயன் பல நோயாளிகளிடம் எஃப் உயர்வதற்கு முன்பே தெரியத் தொடங்குகிறது. அது வெள்ளணுவைக் குறைக்கிறது, இளம் சிவப்பணுக்கள் ஒட்டும் தன்மையைத் தணிக்கிறது, உடலில் நைட்ரிக் ஆக்சைடும் தருகிறது. உட்படலத்தை எட்டும் மருந்து என்று பார்த்தால், மலிவாகக் கையில் இருப்பது இதுதான்.

கருவுறுதலைத் தவிர்க்க வேண்டிய தேவையைப் பெண் மருத்துவர் ஒருவர் தாயை வெளியே அனுப்பிவிட்டுத் தனியே பேசினார். ஃபோலிக் அமிலம், நிமோகாக்கஸ் தடுப்பூசி, மாதம் ஒருமுறை இரத்த அணு எண்ணிக்கை. விடுதிக் காப்பாளருக்கு ஒரு பக்கக் கடிதம்: காய்ச்சல் 101-ஐத் தாண்டினால் காத்திருக்காமல் அனுப்பவும்; எப்போது வேண்டுமானாலும் தண்ணீர் குடிக்கவும் கழிப்பறை செல்லவும் தடை கூடாது. சிகிச்சைச் சீட்டில் கழிப்பறையைப் பற்றி எழுதியதைப் பார்த்துச் சிலர் சிரித்தார்கள்.

பின்தொடர்ந்தவை

மார்புப் பாதிப்பின்போது எடுத்த இதய ஸ்கேனான எக்கோவில் நுரையீரல் அழுத்தத்தைக் காட்டும் வேகம் நொடிக்கு 2.9 மீட்டர். கடும் நோயின் நடுவே எடுத்த அளவை நம்பி முத்திரை குத்துவதில்லை. மூன்று மாதம் கழித்து, உடல் தேறிய பிறகு எடுத்தபோது 2.6. எல்லைக்கோடான 2.5-க்குச் சற்று மேலே. ஆண்டுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும்.

முதல் இரண்டு மாதம் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடவில்லை. முடி கொட்டும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். திட்டாமல், மாத்திரை சாப்பிடாத மாதத்தின் எல்டிஎச் எண்ணையும் சாப்பிட்ட மாதத்தின் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினோம். படிக்கத் தெரிந்தவர், பிறகு விடவில்லை. ஓராண்டில் எஃப் 27 சதவீதம், எல்டிஎச் 410, வெள்ளணு 8,000. ஒன்றரை ஆண்டில் ஒரே ஒரு வலி. அதுவும் விடுதியிலேயே வாய்வழி மருந்தில் அடங்கியது. மார்புப் பாதிப்பு திரும்பவில்லை.

அண்ணனின் கேள்விக்கு ஒரு பகுதி விடை எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. அவருடைய சிவப்பணு அளவு தங்கையினுடையதைவிடச் சிறியதாக இருந்ததைக் கவனித்து, இரும்புச்சத்து சரியாக இருந்ததால், ஹீமோகுளோபினின் ஆல்ஃபா சங்கிலி குறைவாக உருவாகும் மரபுக் குறைபாடான ஆல்ஃபா தலசீமியா இருக்கிறதா என்று பார்த்தோம். ஓர் ஆல்ஃபா மரபணு அவரிடம் இல்லை; தங்கையிடம் நான்கும் இருந்தன. ஆல்ஃபா குறைந்தால் சிவப்பணுவுக்குள் ஹீமோகுளோபின் செறிவு குறையும். செல் உடைவதும் குறையும். அண்ணனின் எல்டிஎச் குறைவாக இருந்ததற்கு இது பொருந்துகிறது. ஆனால் வலி குறைந்ததற்கு இதைக் காரணம் சொல்ல முடியாது. ஆல்ஃபா தலசீமியா சேர்ந்தால் வலி குறையும் என்று அனுபவம் காட்டவில்லை. மைக்ரோ ஆர்என்ஏ அளந்து வித்தியாசம் கண்டிருந்தால், முழுப் பழியையும் உட்படலத்தின்மேல் போட்டுவிட்டு இந்தச் சாதாரண மரபணு வேறுபாட்டைத் தேடாமலே விட்டிருப்போம் என்றே நினைக்கிறேன்.

வார்டில் மாறியவை

அரிவாள் செல் என்று சந்தேகம் எழுந்தாலே, இரத்தம் ஏற்றுவதற்கு முன் கூடுதலாக ஒரு மாதிரி எடுத்து வைப்பது இப்போது நடைமுறை. அன்று ஒரு மருத்துவரின் சமயோசிதத்தால் நடந்தது, இன்று சேர்க்கைப் படிவத்தில் ஒரு கட்டமாக இருக்கிறது. மூச்சுப் பயிற்சிக் கருவியின் பந்து எண்ணிக்கையை வெப்பநிலை, நாடித்துடிப்போடு சேர்த்து எழுதுகிறார்கள். வலி அளவை நோயாளியின் வாயால் கேட்டே பதிய வேண்டும். படுத்திருக்கும் தோற்றத்தைப் பார்த்து எழுதக் கூடாது. எஃப் அளவு உயர்ந்திருப்பதைக் காரணம் காட்டி ஹைட்ராக்சியூரியாவைத் தள்ளிப்போடுவதில்லை.

இன்னும் சரியாகாதது ஒன்று உண்டு. மலையில் சோதிக்கப்பட்டவர் சமவெளிக்குப் படிக்கவோ வேலைக்கோ வரும்போது அவருடைய சோதனை முடிவு கூடவே வருவதில்லை. 2023 ஜூலையில் தொடங்கிய தேசிய அரிவாள் செல் இரத்தசோகை ஒழிப்பு இயக்கம் 40 வயது வரையுள்ள ஏழு கோடிப் பேரைச் சோதிக்கத் திட்டமிட்டது. சோதித்ததும் கையில் கொடுக்கும் அட்டை, ‘பாசிட்டிவ்’ என்று நிற்காமல் கடத்துபவரா நோயாளியா என்று சொன்னால்தான் கடற்கரை ஊரின் அவசரப் பிரிவில் அது உதவும்.

உடல் தேறி, கொடையாளர் இரத்தம் முற்றிலும் நீங்கிய பிறகு, நெறிமுறைக் குழுவின் அனுமதியோடு நடக்கும் ஓர் ஆய்வுக்கு அண்ணனும் தங்கையும் மாதிரி கொடுத்திருக்கிறார்கள். தனிப்பட்ட முடிவு தரப்பட மாட்டாது என்பதைப் படிவத்தில் தங்கையே அண்ணனுக்குப் படித்துக் காட்டினார். அண்ணனுக்கு இப்போதைக்கு மருந்து இல்லை. ஃபோலிக் அமிலம் மட்டும். ஆண்டுக்கு ஒருமுறை எக்கோவும் சிறுநீர்ப் புரதமும் கண் பரிசோதனையும் பார்க்கச் சொல்லியிருக்கிறோம். முதல் எக்கோவில் வேகம் 2.3 மீட்டர், அடுத்தது வரும் டிசம்பரில்.